கூரையில் நீட்டிய மகுடம்

1778. லண்டன் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம். வருவாய்க் குழு கூடும் அறையில் அமர்ந்து அண்ணாந்தால், கூரையில் பத்தடி அகலத்துக்கு ஓர் எண்ணெய் வண்ண ஓவியம்.

பாறைமேல் பிரிட்டனின் பெண்ணுருவான பிரிட்டானியா வீற்றிருக்கிறாள். அருகில் சிங்கம். கீழே நிற்கும் கருத்த மேனிப் பெண் முத்தும் மாணிக்கமும் பதித்த மகுடத்தை ஏந்தி நீட்டுகிறாள். அவள்தான் இந்தியா. சீனப் பெண் பீங்கானும் தேயிலையும் கொண்டுவந்திருக்கிறாள். வணிகக் கடவுள் மெர்குரி அவர்களுக்கு வழிகாட்டுகிறார். பின்னால் யானை, ஒட்டகம், துணிப்பொதிகள். தொலைவில் கம்பெனிக் கப்பல். 'கிழக்கு தன் செல்வங்களைப் பிரிட்டானியாவுக்கு அளிக்கிறது' என்பது தலைப்பு. வரைந்தவர் கோர்ஃபு தீவில் பிறந்த ஸ்பிரிடியோனே ரோமா.

நாட்டைப் பெண்ணாக உருவகிப்பது தமிழ்த்தாயையும் பாரத மாதாவையும் படமாகக் கண்ட நமக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் படத்தில் கொடுக்கும் கை தெரிகிறது. பறிக்கும் கை தெரியவில்லை.

அந்தக் கையைக் காண நம் காஞ்சிபுரம் பக்கம் வர வேண்டும். 1763-இல் ஆற்காடு நவாப் முகமது அலி, படை உதவிக்குக் கைம்மாறாகக் காஞ்சிபுரம் சீமையைக் கம்பெனிக்கு ஜாகிராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, எழுதிக் கொடுத்தார். உழவரையோ நெசவாளரையோ யாரும் கேட்கவில்லை.

ஓவியம் தீட்டி இரண்டே ஆண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை நொறுங்கியது. காஞ்சியில் பெரும்படையுடன் இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ தன் கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். போரும் அதன் பின்னே வந்த பஞ்சமும் ஜாகிர் கிராமங்களை வெறிச்சோட வைத்தன.

மைசூரின் இந்த வெற்றிக்கும் ஓர் ஓவியம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் எழுந்த தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் விரிகிறது. காயம்பட்ட பெய்லி அங்கே பல்லக்கில் இருக்கிறார், நடுவே வெடிமருந்து வெடிக்கிறது, சுற்றிலும் குதிரைப்படை.

ரோமாவின் ஓவியம் இன்று லண்டனில், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தில் இருக்கிறது. இந்தியா இன்னும் அதில் மகுடத்தை நீட்டியபடியே நிற்கிறாள்.

(தொடரும்)