தீவகத்துக் கற்களும் சுறாப் பற்களும்

நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்தது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகரைப் பற்றியும், யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் சிதைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு உரியது என்பதைப் பற்றியும் அது கூறும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறையாகும். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடல் வணிகத்துக்கு இக்கல்வெட்டு சான்று. ஆயின், எழுத்துப் பொறிக்கப்படாத கல்லும் சான்று பகரும். தீவகத்தின் அடிப்பாறையை அவ்வாறு நோக்கின், மூன்று வெவ்வேறு கடல்களின் வரலாறு புலப்படும்.

யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தவை. வேலண்ட், டேவிஸ் என்னும் இருவரும் 1923 இல் வெளியிட்ட ஆய்வு இப்பாறையை மயோசீன் காலத்ததெனக் காட்டியது. பாறையிற் பதிந்துள்ள நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளே காலத்தைக் கணிக்க உதவின. அவற்றுள் ஒன்று கேரளத்துக் கொல்லம் பகுதிச் சுண்ணாம்புக் கல்லிலும் காணப்படுவது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதி ஆழமற்ற வெப்பக்கடலாக இருந்தது என்பது இதனாற் பெறப்படும். நெடுந்தீவின் மதில் வேலிகளிற் காணப்படும் முருகைக்கல்லோ அதனினும் மிகப் பிற்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

மயோசீன் பாறைக்குக் கீழே அதனினும் முந்திய கடலின் அடையல்கள் உள்ளன. கொண்டுவானா என்னும் பெருநிலம் பிளவுற்றபோது தோன்றிய காவேரிப் படுகை, தமிழகக் கரையிலிருந்து பாக்கு நீரிணையின் அடியாக இலங்கையின் வடமேற்குவரை பரந்துள்ளது. பெற்றோலியம் தேடி 1970களில் மன்னாரிலும் பாக்கு நீரிணையிலும் துளைகள் இடப்பட்டன. அவற்றுள் 1976 இல் இடப்பட்ட ஒன்று நெடுந்தீவின் ஒல்லாந்தப் பெயரால் ‘டெல்வ்ற்–1’ என வழங்கியது. இத்தகைய ஆய்வுகளின் பயனாக, மயோசீன் அடுக்கின் கீழ்க் கிரெத்தேசியக் கால அடையற் பாறைகள் தடித்துக் கிடக்கின்றமை தெளிவாயிற்று. அக்காலம் 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது.

தீவகத்தில் ஆழப் புதைந்திருக்கும் அக்காலத்துப் பாறைகள், அதே படுகையின் மேற்கு ஓரத்தில், அரியலூர், பெரம்பலூர் பகுதிகளிலும் புதுச்சேரி அருகிலும் நிலத்தின் மேல் வெளிப்பட்டுள்ளன. புதுச்சேரிப் பகுதியில் கே, கன்லிஃப் என்போர் திரட்டிய மீன் எச்சங்களை எகர்ட்டன் 1845 இல் இலண்டனில் விவரித்தார். பிளான்ஃபோர்ட் 1862 இல் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். மீனுருவுடைய கடல் ஊர்வனவாகிய இக்தியோசோரின் முள்ளெலும்புகளை லிடெக்கர் 1879 இல் அறிவித்தார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக் களிமண்ணிலிருந்து பெற்ற சுறாப் பற்கள் முதலியவற்றை 2011 இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று விவரித்தது. அவை ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. புதிய சுறா இனமொன்றுக்குத் தென்னிந்தியாவைக் குறிக்கும் ‘சுடிண்டிகஸ்’ என்னும் பெயர் இடப்பட்டது.

சுறாவின் உடற்சட்டம் குருத்தெலும்பாலானது, எளிதில் மட்கிவிடும். பற்களோ வாழ்நாள் முழுவதும் விழுந்து முளைப்பன. வன்மையான மேற்பூச்சு உடையன. ஆதலின் சுறாவின் வரலாறு பெரிதும் பற்களாலேயே அறியப்படுகின்றது.

நிலத்திற் கிடைக்கும் இத்தகைய பல்லைக் கண்டோர், இலக்கியங்கள் கூறும் கடல்கோளுக்கு அதனைச் சான்றாகக் காட்ட முற்படுதல் இயல்பு. ஸ்கிளேற்றர் 1864 இல் கற்பித்த இலெமூரியாக் கண்டம் தமிழ் எழுத்துகளிற் குமரி நாட்டுடன் இணைக்கப்பட்டபின் இம்மனப்பாங்கு வலுப்பெற்றது. ஆனால், காரைச் சுறாப் பல் காட்டுவது நிலம் கடலானதை அன்று. கடற்றளம் நிலமானதையே ஆகும். அன்று அதனைக் காண மனிதர் எவரும் இலர். மனிதவினத்தின் வயது சில இலட்சம் ஆண்டுகளே என்பது நோக்கற்பாலது.

நிலத்தைக் கடல் கொண்டமைக்குச் சான்று வேறிடத்தில் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. ஆகவே, தமிழகமும் ஈழமும் அன்று ஒரே நிலப்பரப்பாயிருந்தன. பனி உருகக் கடல் மீண்டும் உட்புகுந்தது. பெருநிலத்தின் பகுதிகளாயிருந்த நெடுந்தீவும் நயினாதீவும் தீவுகளானது இவ்வாறே. கடல்கோள் மரபை ஆராய்வோர் தொடங்க வேண்டிய இடம் இக்கடலே ஆகும். இதற்கும் இலக்கியச் செய்திக்கும் உள்ள தொடர்பு தனியே நிறுவப்பட வேண்டியது.

சான்றுகளைக் காலம் அறிந்து பிரிப்பதற்கு, அவை கிடைத்த அடுக்கு தெரிதல் இன்றியமையாதது. குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல் காளவாய்களில் நீற்றப்பட்டது. 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துக்காக அகழப்பட்டது. அரியலூரிலும் சீமெந்துச் சுரங்கங்கள் உயிர்ச்சுவடுகளை வெளிக்கொணர்கின்றன. உடன் அழிக்கவும் செய்கின்றன. இடமும் அடுக்கும் குறிக்கப்படாது பெயர்த்தெடுத்த பல், எவ்வூரது என்றறியப்படாத கல்வெட்டுத் துண்டை ஒப்பது. நயினாதீவுக் கல்வெட்டைப் படியெடுத்துக் காத்த அக்கறை எழுத்தில்லாக் கல்லுக்கும் உரியதாதல் வேண்டும். கிணறு தோண்டும்போதும் கல் அகழும்போதும் கிடைப்பனவற்றை இடம், ஆழம், நாள் என்பவற்றோடு குறித்து வைத்தல் மாணவர் எவர்க்கும் இயலும் பணியாம்.