மஹய்யாவயும் காணி உறுதியும்

கண்டி மாநகரில் ஒருவனது அந்தஸ்தை அறிய அவன் பெயரையோ தொழிலையோ விசாரிக்க வேண்டியதில்லை. விலாசத்தைக் கேட்டாற் போதும். ஏரிக்கு மேலுள்ள குன்றுச் சரிவு என்றோ அனிவத்தை என்றோ அவன் சொல்வானாயின் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவர். மஹய்யாவ என்பானாயின்? என் மாணவனொருவன் ‘கட்டுகஸ்தோட்டைப் பக்கம், சேர்’ என்று கூறி நிறுத்திக்கொண்டான். பதின்மூன்று வயதிலேயே காணிச் சந்தையின் இலக்கணம் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது.

இவ்விலக்கணத்தை இயற்கை வகுக்கவில்லை. இன்று காணி விலையை ஏற்றிவிடும் அந்த ஏரியே, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில், இராசகாரிய உழைப்பால் வயலிடத்தே எழுந்ததுதான். 1815இல் கண்டி வெள்ளையர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை என்று கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய குடியானவனிடம் ஏது உறுதி? அந்நாட்களில் முடிக்காணி ஏக்கர் 5 சிலிங்குக்கும் விலைபோனது. வாங்கியோர் வரிசையில் தேசாதிபதியும் அவருடைய உத்தியோகத்தரும் நின்றனர்! விற்றவரும் வாங்கியவரும் ஒருவரேயான அபூர்வச் சந்தை அது.

கோப்பி வந்தது; தமிழகத்துக் கூலிகள் வந்தனர்; 1867இல் புகையிரதம் வந்தது. 1880இல் மாத்தளைக்கு நீண்ட பாதை மஹய்யாவயைச் சுரங்கமாய்க் குடைந்து சென்றது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மாநகர சபையும் பிறந்தது. நகரமென்றால் குப்பையுண்டு, மலவாளியுண்டு. அவற்றைச் சுமக்க வந்தவர்களுள் பலர் அருந்ததியர். மயானமும் அமைந்த மஹய்யாவயிலே அவர்களுக்கு லயன்கள் ஒதுக்கப்பட்டன. நகரைத் துலக்குவோர் நகரின் கண்ணிற் படலாகாதல்லவா!

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. தோட்டத்து லயன் அறையின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. அதாவது அரைப் பேர்ச்சுக்கும் குறைவு. கனவான்கள் பேர்ச் பேர்ச்சாக விலை பேசும் நாட்டில், ஒரு குடும்பம் பிறந்து, மணந்து, மடிய இவ்வளவே போதுமென்று யாரோ அளந்திருக்கிறார்கள்.

உழைத்துச் சேமித்து வாங்கியிருக்கலாமே என்பார் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பலரை நாடற்றவராக்கிற்று. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டமோ, பிரஜையல்லாதார் வாங்கும் காணிக்கு அதன் பெறுமதியளவு வரியும் விதித்தது. ஆயிரம் ரூபாய்க் காணிக்கு அரசுக்கு இன்னுமோர் ஆயிரம். அடுத்த ஆண்டிலே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி ஒத்திவைக்கப்பட்டது. நாளை எந்த நாட்டில் இருப்போமென்று அறியாதவன் எந்த மண்ணை வாங்குவான்? எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அச்சட்டம் வழங்கியது பிரஜாவுரிமையை, காணியையன்று.

சென்ற தவணையில் ‘உறுதி’ என்னும் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். உள்ளத்துறுதி, கொள்கையுறுதி என்றெல்லாம் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அந்தப் பையனின் கொப்பியில் மட்டும் வேறொன்று இருந்தது: ‘அடுத்த வருடம் அப்பா பென்சன் எடுக்கிறார், எங்கள் வீட்டுக்கு உறுதி இல்லை.’

சரி என்று குறியிட்டேன்.