மிச்சமின்றிப் பிரியும் எண்கள்

வெள்ளாறு புவனகிரியைக் கடந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கின்றது. அதன் கரைகள் நெல் விளையும் பூமி. தமிழரின் பழைய முகத்தலளவை வாய்பாட்டில் 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். பத்தைச் சமபங்கிட இரண்டும் ஐந்துமே உதவும்; பன்னிரண்டையோ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு எனப் பல பங்குகளாக மிச்சமின்றிப் பிரிக்கலாம்.

நமது பராயிள் கணிதமும் இத்தகைய எண்களையே நாடுகின்றது. மனைவி, தாய், ஒரு மகன் ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால் சொத்து 24 பங்காக்கப்படும். மனைவிக்கு எட்டிலொன்றான 3, தாய்க்கு ஆறிலொன்றான 4, எஞ்சிய 17 மகனுக்கு. எவருடைய உரிமையும் பின்னத்தில் சிதைவதில்லை.

எண்களை அவற்றின் வகுத்திகளைக் கொண்டு ஆராயும் கலை பாக்தாதில் சிறந்தோங்கியது. ஒன்றன் வகுத்திகளின் கூட்டுத்தொகை மற்றதற்குச் சமமாகும் இரு எண்கள் நட்பெண்கள் எனப்படும். இங்கே அவ்வெண்ணையே அதன் வகுத்தியாகக் கொள்வதில்லை. 220, 284 இதற்குச் சான்று. இவற்றைக் கண்டறியும் விதியை ஒன்பதாம் நூற்றாண்டில் தாபித் இப்னு குர்ரா அரபியில் எழுதினார். அவர் ஸாபியீ சமயத்தவர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. அவ்விதிக்குப் புதிய நிறுவல் தந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ (மறைவு ஏறத்தாழ 1319) 17,296, 18,416 என்னும் இணையை வெளிப்படுத்தினார். 1636இல் அதையே மீண்டும் கண்ட ஃபெர்மாவின் பெயரே ஐரோப்பிய நூல்களில் நெடுங்காலம் நிலைத்தது.

வகுத்திகளின் கூட்டுத்தொகையை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றின் எண்ணிக்கையை ஆராய்ந்தார் இராமானுஜன். 1910இல் வேலை தேடி அவர் சென்றது திருக்கோவிலூருக்கு. புவனகிரியைப் போலவே அவ்வூரும் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்குத் துணை ஆட்சியராயிருந்த வி. இராமஸ்வாமி ஐயர் குறிப்பேடுகளைக் கண்டு வியந்து, பரிந்துரைக் கடிதம் தந்தார்.

1915இல் வெளிவந்த ஆய்வுரையில், தன்னிலும் சிறிய எவ்வெண்ணையும் விட மிகுந்த வகுத்திகளையுடைய எண்ணை ‘மிகு பகுஎண்’ என இராமானுஜன் வகைப்படுத்தினார். நமது 12உம் 24உம் இவ்வகையினவே. அவர் தந்த 102 எண்களின் அட்டவணை 67,46,32,83,88,800இல் முடிகின்றது. இதற்கு 10,080 வகுத்திகள். கணிப்பொறியின்றிக் கையாலேயே கணித்த அவ்வட்டவணையில் ஓர் எண் மட்டும் விடுபட்டது. அது 2,93,31,86,25,600, வகுத்திகள் 5,040. அட்டவணையின் இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் விடுபட்டது கிடைத்துவிடும்! பின்வந்தோர் சரிபார்த்தே இதனைச் சேர்த்தனர்.

இதனால் இராமானுஜன் பெருமை குன்றவில்லை. அல்ஃபாரிஸீயின் பெயர் மீண்டதால் ஃபெர்மாவும் சிறுமையடையவில்லை. முன்னோரின் அறிவு நம்மிடம் உள்ள அமானிதம். புகழ்ந்துரைப்பதோடு நில்லாமல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதே அதற்குரியதைச் செலுத்துவதாகும். சொத்துப் பங்கீட்டில் ஒரு பங்கு விடுபட்டால் நாம் பொறுப்போமா? அறிவின் வரலாற்றிலும் அவரவர் பங்கு அவரவர்க்குச் சேரவேண்டும்.