குளிர்காயக் கொடுத்த விலை: இங்கிலாந்துப் பழைய வீடுகளின் கதை

நம் ஊரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "காத்து வருமா?" என்பதுதான். உள்ளே இருக்கும் சூடு எப்படியாவது வெளியே போனால் போதும் என்பது நம் கவலை. இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே வருடத்தில் பாதி நாட்கள் வீட்டுக்குள் இருக்கும் சூடு காசு கொடுத்து வாங்கிய சூடு. அது ஜன்னல் இடுக்கிலும் கூரையிலும் கசிந்தால், கசிவது பணம்.

அப்படியானால் அங்குள்ள வீடுகளைச் சூட்டைப் பிடித்து வைக்கும்படி அல்லவா கட்டியிருக்க வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான பழைய வீடுகள் அப்படிக் கட்டப்படவில்லை. இங்கிலாந்தில் இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 1946க்கு முன் கட்டியவை. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919க்கும் முந்தியது. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய வீடுகள் அதிகம் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அந்த வீடுகள் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதற்கென்றே கட்டப்பட்டவை என்றுகூடச் சொல்லலாம். காரணம், நிலக்கரி.

லண்டன் நகரம் முதலில் விறகைத்தான் எரித்தது. சுற்றியிருந்த காடுகள் குறைந்து விறகு விலை ஏற ஏற, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நியூகாசில் பக்கமிருந்து கப்பலில் வந்த நிலக்கரிக்கு மாறியது. கடல் வழியாக வந்ததால் அதற்குக் 'கடல் கரி' என்றே பெயர். விறகுப் புகையையாவது பொறுத்துக்கொள்ளலாம். கரிப்புகையில் கந்தக நெடி அதிகம், அறையில் உட்கார முடியாது. எனவே கணப்படுப்புக்கு மேல் புகைபோக்கி இல்லாமல் முடியாது என்றாயிற்று. அறைக்கு ஒரு கணப்பு, கணப்புக்கு ஒரு புகைபோக்கி என்று வீட்டின் அமைப்பே மாறியது.

இந்தக் கணப்புகளின் மேல் அரசின் கண்ணும் விழுந்தது. இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், 1662ல், கணப்பு வரி வந்தது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். வரி வசூலிப்பவர்கள் வீட்டுக்குள் நுழைந்து கணப்புகளை எண்ணினார்கள். மக்கள் கணப்பைச் செங்கல் வைத்து அடைத்து மறைக்கப் பார்த்தார்கள். வரி மீது இருந்த வெறுப்பைப் பார்த்து 1689ல் அதை ஒழித்தார்கள். அடுத்து 1696ல் ஜன்னல் வரி! அது 1851 வரை நீடித்தது. அதற்குப் பயந்து மூடிய ஜன்னல்களை இன்றும் பழைய தெருக்களில் காணலாம். அரசாங்கமே வீட்டின் ஓட்டைகளை அடைக்க வைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

திறந்த கணப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் மற்றது புரியும். நெருப்பு எரியும்போது சூடான காற்று புகைபோக்கி வழியாக மேலே ஓடுகிறது. அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று வர வேண்டும். அது கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, பலகைத் தரையின் சந்து வழியாக, வெளியிலிருந்து, ஐஸ் போல வரும். ஆக, நெருப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு குளிர்காற்றையும் அதுவே உள்ளே இழுக்கிறது. கணப்பின் முன் உட்கார்ந்தவருக்கு முகம் வெந்து முதுகு விறைக்கும். எரித்த கரியின் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே பெரிய விஷயம். மீதி வானத்துக்கு. அதற்காக இடுக்கையெல்லாம் அடைத்தால் புகை அறைக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால் வீடு கசிந்தே ஆக வேண்டும்!

இதைப் பார்த்துக் கொதித்தவர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு என்றால் இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரியும். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் சூட்டை அளந்து, வெப்பம் ஒரு பொருள் அல்ல, ஒருவகை இயக்கம் என்று 1798ல் வாதிட்டவர் அவர்தான். 1753ல் அமெரிக்காவில் பிறந்து, சுதந்திரப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று, பிறகு பவேரியாவில் பதவி வகித்துப் பிரபுப் பட்டம் வாங்கியவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனை 1799ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர். லவாய்சியரின் விதவை மனைவியை மணந்தவரும் அவரே. (அந்தக் கல்யாணம் நீடிக்கவில்லை என்பது வேறு கதை.)

1790களின் நடுவில் லண்டன் வந்தவர் அங்குள்ள புகையையும் கணப்புகளையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன வைத்தியம் மிக எளிது. கணப்பின் ஆழத்தைக் குறை. பக்கச் சுவர்களைச் சாய்வாக வை, அப்போது நெருப்பின் கதிர்கள் அறைப் பக்கம் திரும்பும். புகைபோக்கியின் தொண்டையைச் சுமார் 4 அங்குலமாகக் குறுக்கு. இவ்வளவுதான். புது இயந்திரம் எதுவும் வேண்டாம், கொஞ்சம் செங்கல், சாந்து, ஒரு கொத்தனார் போதும். புகை நிதானமாக மேலே போகும், அறைக் காற்று அதோடு ஓடாது. வீட்டின் சூட்டுக்கு ஆகும் செலவைக் குறைக்க, எரிபொருளைத் தொடாமல் வீட்டைத் திருத்தலாம் என்பதைக் கணக்கோடு காட்டிய முதல் ஆட்களில் ஒருவராக அவரைச் சொல்லலாம்.

'ரம்ஃபோர்டு' வீட்டில் இருப்பது நாகரிகமாகவே ஆகிவிட்டது. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், பழங்கால மடத்தின் பிரம்மாண்டமான கணப்பைக் காணும் ஆசையோடு போகும் கதாநாயகி, அங்கே குறுக்கிய ரம்ஃபோர்டைப் பார்த்து ஏமாந்து போகிறாள்.

ஆனால் சீர்திருத்தம் அங்கேயே நின்றுவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது, கரி மலிந்தது. கரி மலிவாக இருக்கும்போது கசிவைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? விக்டோரியா காலத்தில் லட்சக்கணக்கில் கட்டிய வரிசை வீடுகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சுமார் 9 அங்குலத் தடிமனில் ஒற்றைச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலும் கீழும் நகரும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், காற்றோடும் பலகைத் தரை. சூடான அறை ஒன்றே ஒன்று. படுக்கையறை ஜன்னலின் உள்பக்கம் காலையில் பனி பூத்திருக்கும்.

இதற்கான விலையை 1952 டிசம்பரில் லண்டன் கொடுத்தது. போர்க்கடன் நெருக்கடியில் நல்ல கரி ஏற்றுமதிக்குப் போக, மட்டமான தூள்கரி ரேஷன் இல்லாமல் வீடுகளுக்கு விற்கப்பட்டது. டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையவில்லை. வீட்டுப் புகைபோக்கிகளும் ஆலைகளும் விட்ட புகை ஊர் மேலேயே படுத்துக்கொண்டது. முதலில் சொன்ன கணக்கு 4,000 சாவு. பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை போகின்றன. 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்து, புகையில்லா வட்டாரங்கள் அறிவிக்கப்பட்டு, பழைய கணப்பை மாற்ற அரசு பணமும் கொடுத்தது. 1965ல் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967லிருந்து 1977க்குள் சுமார் 1 கோடியே 30 லட்சம் வாடிக்கையாளர்களின் அடுப்பும் ஹீட்டரும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. சமையலறையில் பாய்லர், ஒவ்வொரு அறையிலும் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர். 1970ல் நான்கில் ஒரு வீட்டில் இருந்த இந்த மைய வெப்பமூட்டல், 2000ல் பத்தில் ஒன்பது வீட்டுக்கு வந்துவிட்டது.

பாய்லர் கணப்பைவிடப் பல மடங்கு சிக்கனம். ஆனாலும் வீட்டுச் செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. முன்பு ஓர் அறை சூடாக இருந்தது, இப்போது எல்லா அறையும் சூடாக வேண்டும். ஒரு பொருளைச் சிக்கனமாக எரிக்கக் கற்றுக்கொண்டால் அதன் மொத்தச் செலவு கூடவே செய்யும் என்று ஜெவன்ஸ் 1865லேயே நிலக்கரியை வைத்து எழுதியிருந்தார். அதற்காக மக்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது நியாயமல்ல. குழந்தை தூங்கும் அறை குளிரில் விறைக்கக் கூடாது என்று நினைப்பது பேராசையா?

நெருப்பு மாறியது, வீடு மாறவில்லை. அதே கசியும் சுவர்களுக்குள்தான் இப்போது எரிவாயுவைக் கொட்டினார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோதுதான் கூரை ஞாபகம் வந்தது. 1978ல் வீட்டு வெப்பக் காப்புச் சட்டம் போட்டு, கூரைக்கு அடியில் கம்பளி போன்ற காப்புப் பொருளைப் பரப்ப மானியம் தந்தார்கள். இன்று பரிந்துரைக்கும் தடிமன் 270 மில்லிமீட்டர், ஏறக்குறைய 11 அங்குலம். இது மலிவு, பலன் உறுதி. 1920களுக்குப் பிறகு பரவிய இரட்டைச் சுவர் வீடுகளில் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்புவதும் சுலபம். ஒற்றைச் சுவர் வீடுகள்தான் தலைவலி.

1991ல் பிரெண்டா போர்ட்மன் தன் ஆய்வு நூலில் 'எரிபொருள் வறுமை' என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். வீட்டைப் போதிய சூட்டில் வைக்க வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகும் என்றால் அந்தக் குடும்பம் அதில் சேரும். பணக்காரரின் பழைய வீடும் கசியும், ஆனால் அவர் கட்டணத்தைக் கட்டிவிடுவார். ஏழை ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்காருவார். வாடகை வீடென்றால் இன்னும் மோசம்: சுவரைத் திருத்தும் செலவு வீட்டுக்காரருடையது, மிச்சமாகும் பணம் குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் ஏன் அசைவார்? 2018ல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மிகக் குறைந்த மதிப்பீடு பெற்ற வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடத் தடை வந்தது.

2013ல் 'பசுமை ஒப்பந்தம்' என்று ஒரு திட்டம். கடன் வாங்கி வீட்டைத் திருத்து, மின்கட்டணத்தோடு திருப்பிக் கட்டு. வட்டி சுமார் 7 சதவீதம்! 2020க்குள் 1 கோடியே 40 லட்சம் வீடுகள் என்று கனவு கண்டார்கள். 2015ல் அரசு கையை உதறியபோது இந்தக் கடனை எடுத்திருந்த வீடுகள் சுமார் 14,000. பிறகு ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022ல் எரிவாயு விலை எகிறியது. சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டணத்துக்கான உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. மறு அக்டோபருக்கு அறிவித்தது 3,549. அரசு தலையிட்டு 2,500ல் நிறுத்தியது. சுவருக்குப் போகாத பணம் கட்டணத்துக்கு மானியமாகப் போனது.

சுவரைப் போர்த்துவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலிலும் காற்றிலும் வெளியே விடும். அதன் மேல் காற்றுப் புகாத பலகையை ஒட்டி, ஓரங்களைச் சரியாக மூடாமல் விட்டால் ஈரம் உள்ளேயே சிக்கும். ஓதம், பூஞ்சை, உதிரும் பூச்சு. பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 2013 வாக்கில் இதுதான் நடந்தது. 2025 அக்டோபரில் வெளியான தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை, அண்மைத் திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பு செய்த வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்த வேண்டிய கோளாறு இருப்பதாகச் சொன்னது. இலவசமாகச் செய்து தருகிறோம் என்று வந்தவர்களை நம்பிக் கதவைத் திறந்துவிட்ட ஏழைகளின் வீடுகள்தான் அவற்றில் பெரும்பாலானவை.

பழைய கட்டடங்களைக் காக்க வில்லியம் மாரிஸ் 1877ல் தொடங்கிய சங்கம் அண்மை ஆண்டுகளில் பழைய சுவர்களில் கருவி பொருத்தி அளந்து பார்த்தது. கணினிக் கணக்கு சொன்னதைவிடப் பல சுவர்கள் சூட்டை நன்றாகவே தாங்கின. எனவே பழைய வீட்டை அறிந்தவர்கள் இன்று வேலையை வேறு வரிசையில் செய்கிறார்கள். முதலில் கூரையும் மழைநீர்க் குழாயும், ஏனென்றால் ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். அடுத்து கதவு, ஜன்னல், தரையின் இடுக்குகள். பிறகு பரண். சுவர் கடைசியில்தான், அதுவும் ஈரம் போய்வரக்கூடிய மரநாரும் சுண்ணாம்புமாக.

பயன்படுத்தாத புகைபோக்கிக்கு ஆட்டுக்கம்பளியால் செய்த அடைப்பான் சில பத்து பவுண்டுகளுக்குக் கிடைக்கிறது. ரம்ஃபோர்டு 4 அங்குலமாகக் குறுக்கிய அதே தொண்டையில் அதைச் செருக வேண்டும். முழுக்க அடைத்துவிடக் கூடாது, உள்ளே செங்கல் காய்வதற்குக் கொஞ்சம் காற்று போக இடம் விட வேண்டும்.