காளிக்கு ஒரு கல்

நாய்க்கு நினைவுக்கல் எடுக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. போரில் மடிந்த வீரனுக்கு நட்ட நடுகல்லிலிருந்து கிளைத்தது அது. கல்லைத் தேடிக் கண்டெடுப்பது தொடங்கி, நட்டுப் படையலிட்டு வாழ்த்துவது வரை அந்தச் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது. நாய் அதில் முதலில் துணையாகத்தான் இடம்பெற்றது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டது. எருமைகளை மீட்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தியின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் இருந்ததாகத் தனியே எழுதியிருக்கிறார்கள். பிறகு அது பிழைத்ததா என்பது கல்லில் இல்லை.

நாயின் சாவுக்கென்றே எழுந்த கல் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. அதன் கதை தமிழ் மண்ணில், 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் தொடங்குகிறது. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த அந்தப் போரில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்றவன் கங்க அரசன் பூதுகன். தன் வீரன் மணலேரனின் தீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றான் பூதுகன். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பின்னர் பேளதூர் மலையில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் மேல் காளி ஏவப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. செல்லேசுவரர் கோயில் முன் கல் நட்டு, அதன் பூசைக்கு நன்செய் நிலமும் விட்டார்கள். நிலத்தை அனுபவிப்பவர் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்ற எச்சரிக்கையும் உண்டு. நாய் செய்த பாவம் எது என்று எழுதியவர் விளக்கவில்லை. கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காளியின் சாவுக்குக் காரணம் கண்முன்னே இருந்தது. காலையில் வாலாட்டிக் கஞ்சி குடித்துவிட்டு மாலையில் விறைத்துக் கிடக்கும் வீட்டு நாய்க்குக் கல்லில் பொறிக்க எதுவும் இல்லை. மீனாட்சிபுரம், பொள்ளாச்சி எல்லையோரத்துத் தோப்புகளில் அப்படிச் செத்த காவல் நாயைத் தென்னை மூட்டில் புதைப்பதோடு சரி. பாம்பு தீண்டியிருக்கும், எவனோ மருந்து வைத்திருப்பான் என்ற பேச்சு மட்டும் சில நாள் ஓடும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வழி பிற்காலத்தில் வந்தது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. உடலை உறையவிடாமல் குளிரில் வைத்து விரைவில் கொண்டுபோனால், வயிறு முறுக்கிக்கொண்டதா, மண்ணீரல் கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசிந்ததா, எலி மருந்தா என்று பிரேதப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியவரும். எல்லாச் சாவுக்கும் விடை கிடைப்பதில்லை.

கல் வைக்க வீரச்சாவு வேண்டும் என்ற நிலையும் மாறிவிட்டது. மானாமதுரை அருகே, நோயில் இறந்த டாம் என்ற லாப்ரடார் நாய்க்கு, வளர்த்த குடும்பம் 2022இல் பளிங்குச் சிலை வைத்துக் கோயில் கட்டியது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே பூசை நடப்பதாகச் செய்திகள் வந்தன.