வீட்டு மொட்டை மாடியில் கிரில் பண்ணலாமா? கத்தரிக்காய் முதல் சிக்கன் வரை எதை எப்படிச் சுடணும்? கரியில் இருக்கும் ஆபத்து என்ன? முழு விளக்கம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மொட்டை மாடியில் புகை. ஆன்லைனில் வாங்கிய சின்ன பார்பிக்யூ அடுப்பு, ஒரு பாக்கெட் கரி, ஊறவைத்த சிக்கன். சென்னையில் ஆரம்பித்த இந்தப் பழக்கம் இப்போ காஞ்சிபுரம் மாதிரி ஊர்களிலும் வந்துவிட்டது. ஆனால் முதல் முறை செய்யும் பலருக்கும் நடப்பது ஒன்றுதான்: வெளியே கருகிப்போய், உள்ளே பச்சையாக நிற்கும் சிக்கன்.

இதற்குக் காரணம் மசாலா இல்லை, நெருப்பு. எந்தப் பொருளை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வைக்கணும் என்பது தெரிந்தால் ஒரே அடுப்பில் பத்து வகை சுடலாம். அதைவிட முக்கியமான விஷயம், சுட்டு முடித்த பிறகு அந்தக் கரியை என்ன செய்கிறோம் என்பது. அதில் கவனம் தவறினால் உயிரே போகலாம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

கிரில், தந்தூரி, பார்பிக்யூ: என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் ஹோட்டலில் 'கிரில் சிக்கன்' என்று கேட்டால் கம்பியில் கோத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வெந்த முழுக் கோழி வரும். தந்தூரி என்பது ஆழமான மண் அடுப்புக்குள் வேகவைப்பது. வீட்டில் நாம் செய்வது, கம்பித் தட்டுக்குக் கீழே கரி நெருப்பு வைத்து மேலே நேரடியாகச் சுடுவது. இதைத்தான் இங்கே பொதுவாக கிரில், பார்பிக்யூ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

பெயர்தான் புதுசு, பழக்கம் புதுசு இல்லை. தணலில் சுட்ட அப்பளம், சுட்ட கருவாடு, சாம்பலில் புதைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கொத்சுக்காகச் சுட்ட கத்தரிக்காய் எல்லாம் நம்ம பாட்டிகள் செய்த கிரில்தான். வீட்டில் பழைய குமுட்டி அடுப்பு கிடந்தால் அதன் மேல் ஒரு கம்பித் தட்டு வைத்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய கம்பி வலையைப் பயன்படுத்த வேண்டாம். அதிகச் சூட்டில் அதிலிருந்து வரும் புகை உடம்புக்குக் கெடுதல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு நல்லது.

எந்தக் கரி? எப்படிப் பற்றவைப்பது?

தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பது சீமைக்கருவேல மரக்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நன்றாக எரியும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு, பழைய பெட்டிக் கட்டை எதையும் போடக்கூடாது. அந்தப் புகை நேரே சாப்பாட்டில் ஏறும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர் ஊற்றவே கூடாது. நெருப்பு திடீரென முகத்துக்கு எழும்பும், சாப்பாட்டிலும் நாற்றம் வரும். காய்ந்த தேங்காய் நார், சிரட்டைத் துண்டு வைத்துப் பற்றவைத்து விசிறினால் போதும்.

கரி பற்றியதும் உடனே சிக்கனை வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். தீ நாக்கு அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படிந்து, உள்ளே சிவப்பாகத் தெரியணும். அதுதான் சுடுவதற்கான நேரம்.

இரண்டு பக்கச் சூடு: இதுதான் ரகசியம்

கரியை அடுப்பு முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு பக்கமாகக் குவியுங்கள். இப்போ கரிக்கு நேர் மேலே அதிகச் சூடு, மறுபக்கம் மிதமான சூடு. சீக்கிரம் வேகும் பொருளைச் சூடான பக்கம் வையுங்கள். கெட்டியான பொருளை முதலில் சூடான பக்கம் நிறம் வரும்வரை வைத்து, பிறகு மறுபக்கம் தள்ளி மூடி போட்டு வேகவிடுங்கள். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் பிரச்சனை இதிலேயே தீரும்.

சூட்டை அளக்க உள்ளங்கையே போதும். தட்டுக்கு அஞ்சு இஞ்ச் மேலே கையை நீட்டிப் பாருங்கள். 2, 3 நொடியில் கையை எடுக்கத் தோன்றினால் அதிகச் சூடு. 4, 5 நொடி தாங்கினால் மிதம். 6 நொடிக்கு மேல் தாங்கினால் குறைந்த சூடு.

கொழுப்பு சொட்டி தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பொருளை மறுபக்கம் நகர்த்தி மூடி போடுங்கள், தானாக அடங்கும்.

எதை எவ்வளவு நேரம்?

நேரம் எல்லாமே தோராயம்தான். துண்டின் அளவு, கரியின் சூடு பொறுத்து மாறும்.

• கத்தரிக்காய்: பெரிய காயாக வாங்கி, கத்தியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள். இல்லாவிட்டால் வெடிக்கும். திருப்பித் திருப்பி 15 முதல் 20 நிமிடம். தோல் கருகி உள்ளே குழைந்ததும் உரித்து, புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்தால் இட்லிக்கு அருமையான கொத்சு.

• சோளம்: தோலை உரித்து, மிதமான சூட்டில் 10 முதல் 12 நிமிடம். எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் தடவினால் முடிந்தது.

• சர்க்கரைவள்ளிக்கிழங்கு: தோலோடு ஓரத்துத் தணலில் 40 நிமிடத்துக்கு மேல். முதலில் இதைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

• பனீர், குடமிளகாய், வெங்காயம், காளான்: ஒன்றரை இஞ்ச் துண்டுகள். தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில் மசாலா கலந்து ஊறவையுங்கள். தயிர் நீர்த்துப் போனால் மசாலா எல்லாம் கரியில்தான் விழும். மூங்கில் குச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கோத்தால் குச்சி எரியாது. 6 முதல் 8 நிமிடம்.

• மீன்: வஞ்சிரம் துண்டு என்றால் பக்கத்துக்கு 4 நிமிடம். காஞ்சிபுரம் பக்கம் ஏரி மீனும் நிறைய கிடைக்கும். கட்லா, ரோகு துண்டுகளும் சுடலாம். தட்டில் எண்ணெய் தடவி, நன்றாகச் சூடானதும் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள், தானாக விடும். உதிரும் மீனை வாழையிலையில் மடித்துச் சுடலாம்.

• சிக்கன்: எலும்பில்லாத துண்டுகள் 10 முதல் 12 நிமிடம். லெக் பீஸ் என்றால் ஆழமாகக் கீறி, மறைமுகச் சூட்டில் மூடி போட்டு 35 முதல் 40 நிமிடம்.

• மட்டன்: நேரடியாகச் சுட்டால் ரப்பர் மாதிரி ஆகும். பப்பாளிக்காய் விழுது கொஞ்சம் சேர்த்து ஊறவைக்கணும். இல்லையென்றால் குக்கரில் முக்கால்பதம் வேகவைத்து, கடைசியில் நிறத்துக்கும் மணத்துக்கும் மட்டும் கிரிலில் வையுங்கள்.

• அன்னாசி: வட்டமாக வெட்டி, பக்கத்துக்கு 2, 3 நிமிடம். கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவினால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஸ்பெஷலாக ஒன்று: மிஞ்சிப்போன கோயில் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாகப் பேர் வாங்கிய இந்த இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து ஆவியில் வேகவைப்பது. மிளகு, சீரகம், சுக்கு ஏற்கெனவே உள்ளே இருக்கு. வீட்டில் செய்ததோ கடையில் வாங்கியதோ மறுநாள் கெட்டியாகிவிட்டால், ஒரு இஞ்ச் கனத்தில் வெட்டி, நல்லெண்ணெய் தடவி, பக்கத்துக்கு 2 நிமிடம் சுட்டுப் பாருங்கள்.

சைவம், அசைவம் ஒரே அடுப்பில்?

கூட்டுக் குடும்பத்தில் இது முக்கியமான கேள்வி. முதலில் காய்கறி, பழம், பனீர். பிறகு மீன். கடைசியில் சிக்கன், மட்டன். இந்த வரிசையில் போனால் கறியின் கொழுப்பு காய்கறியில் ஏறாது. அசைவம் தொடாதவர்கள் வீட்டில் இருந்தால் தனித் தட்டு, தனி இடுக்கி வைப்பதுதான் மரியாதை.

சிக்கன் வெந்துவிட்டதா? எப்படித் தெரியும்?

நிறத்தை நம்ப முடியாது. கரி நெருப்பில் வெளியே சீக்கிரம் நிறம் மாறும். துண்டின் நடுவில், எலும்பைத் தொடாமல் 74 டிகிரி செல்சியஸ் வந்திருக்கணும். மீனுக்கு 63 டிகிரி. கொத்துக்கறியில் செய்த கபாப் என்றால் 71 டிகிரி. இதற்கான சமையல் தெர்மாமீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் கனமான இடத்தில் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் மறுபடி அடுப்பில் வையுங்கள்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

• ஊறவைத்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள், சமையல் மேடையில் வேண்டாம்.
• பச்சைக் கறி இருந்த தட்டில் வெந்த கறியை வைக்காதீர்கள்.
• கறி ஊறிய மசாலாவை வெந்ததன் மேல் ஊற்றாதீர்கள்.
• சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம்தான். நம்ம ஊர் கோடைக்கு இந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.
• கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள். கறி கருகும்போது உருவாகும் சில வேதிப்பொருள்கள் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புபடுத்தப்படுகின்றன.

மயோனைஸ்? பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை விதித்தது நினைவிருக்கலாம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம் என்பதே காரணம். வீட்டிலும் அதே ஆபத்துதான். கெட்டித் தயிர், பூண்டு, உப்பு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து அடித்தால் அதே சுவைக்குப் பக்கத்தில் வரும்.

தறி இருக்கும் வீடா? இதைப் படிங்க

பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். கீழே தறி, மேலே மொட்டை மாடி. பட்டு நூலில் புகை வாசமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறினால் எளிதில் போகாது. தறியின் மரமும் ஜக்கார்டு அட்டையும் தீப்பற்றக்கூடியவை. பல நாள் உழைத்த ஒரு சேலை ஒரு பொறியில் போய்விடலாம்.

அதனால் தறி இருக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழேயோ நேர் எதிரேயோ அடுப்பு வைக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். தெருவில் பாவு நீட்டியிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். பக்கத்து வீட்டில் நூல் காயப்போட்டிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு பக்கெட் மணலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கணும்.

கரியை வீட்டுக்குள் கொண்டு வரவே கூடாது, ஏன்?

2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி இளைஞர்கள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பார்பிக்யூ செய்த கரி அடுப்பை அறைக்குள் வைத்தபடி தூங்கியதில் மூச்சுத்திணறி இறந்ததாகச் செய்திகள் வந்தன.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். இதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக இது ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும். தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது.

புகை இல்லையே, தணல்தானே என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. புகை அடங்கிய தணலிலிருந்தும் இந்த வாயு வரும். மழை வந்தால் அடுப்பை ஹாலுக்குள் தூக்கி வருவது, குளிருக்காக படுக்கையறையில் வைப்பது, மூடிய பால்கனியில் சுடுவது எதுவும் கூடாது. ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, ஃபேன் ஓடுகிறது என்பதும் பாதுகாப்பு இல்லை.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வந்தால் உடனே எல்லோரும் திறந்தவெளிக்கு வாங்க. 108-க்குக் கூப்பிடுங்கள். நன்றாகத் தோன்றினாலும் டாக்டரைப் பார்க்கணும்.

அணைப்பது எப்படி?

தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் சூடான ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கிளறி, மறுபடி தெளியுங்கள். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். அதனால் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போடாமல், மூடி உள்ள தகர டப்பாவில் போட்டு மாடியிலேயே வையுங்கள். தீ கைமீறினால் தீயணைப்புத் துறைக்கு 101.

மொட்டை மாடி இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

வரி வரியாக மேடு உள்ள கிரில் தோசைக்கல், எலக்ட்ரிக் கிரில், ஓவன் மூன்றும் வீட்டுக்குள் கரி இல்லாமல் சுட உதவும். கரி மணம் முழுசாக வராது, அவ்வளவுதான். அந்த மணத்துக்காக ஒரு தணலைக் கிண்ணத்தில் வைத்து நெய் விட்டு மூடும் பழக்கம் உண்டு. அதையும் திறந்த இடத்தில் செய்துவிட்டு, தணலை அங்கேயே அணைத்துவிட்டு வாங்க.

சுருக்கமாக: கரியில் சாம்பல் படியும்வரை பொறுங்கள், ஒரு பக்கமாகக் குவியுங்கள், சிக்கனை 74 டிகிரிவரை வேகவிடுங்கள். சாப்பாடு கீழே வரலாம், கரி மட்டும் மாடியைவிட்டு இறங்கக்கூடாது.