எண்ணி வைத்தவர்க்கே இழப்புத் தெரியும்

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் இன்று இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவில்லை. இவை தொலைந்தன என்பதை நாம் எங்ஙனம் அறிந்தோம்? தொகுத்த முன்னோர் ‘நானூறு’ என்றும் ‘பத்துப் பத்து’ என்றும் கணக்கை நூலின் பெயரிலேயே பொதித்து வைத்தனர். ஆதலின், உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் அச்சேற்றியபோது, இருப்பது இன்னது, இல்லாதது இன்னது என வரையறுத்துக் காட்ட இயன்றது. கணக்கின்றிச் செல்லுக்கு இரையான ஏடுகளுக்காக வருந்தவும் நமக்கு வழியில்லை.

இந்நாளில் ஏட்டின் இடத்தைக் கணினி ஏற்றுள்ளது. பள்ளிப் பதிவேடு, சங்கக் கணக்கு, பழைய நிழற்படம் யாவும் ‘சர்வர்’ எனப்படும் பொதுக் கணினியின் வட்டுகளில் அடங்குகின்றன. செல்லரித்த ஏடு கண்ணுக்குத் தெரியும். பழுதுபட்ட வட்டோ வெளியே பளபளவென்றிருக்கும். இதுவே புதுக்காலத்தின் பேரிடர்.

வட்டுக்கு வரும் நோய் இருவகைத்து. ஒன்று, உடல் நோய்: எழுத்தைத் தாங்கும் பரப்பு தேய்ந்து, சில இடங்கள் படிக்கவொண்ணாதனவாகும். மற்றொன்று, கணக்கு நோய். எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று குறிக்கும் பேரேடு ஒன்று வட்டிலேயே உண்டு. அதுவே கோப்பு முறைமை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், பேரேடு ஒன்று சொல்லும். கிடங்கு வேறொன்று சொல்லும்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுக் கருவியில் 50 தட்டுகள் இருந்தன. கொண்டதோ 50 லட்சம் எழுத்துகளே. பின்னர், யுனிக்ஸ் முறையில் கணக்கு நோயைக் கண்டறிய, 1970களில் டெட் கோவால்ஸ்கி என்பார் ‘எப்.எஸ்.சி.கே.’ என்னும் சோதனை நிரலை இயற்றினார். அதன் வேலை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோல் புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிட்டது எதற்கு? பெயருண்டு, ஆளில்லை, ஆளுண்டு, பெயரில்லை, ஓரிடத்திற்கு இருவர் உரிமை கோருகின்றனர். இம்மூன்று பிழைகளையே அந்நிரலும் தேடுகிறது. பெயரற்று நிற்கும் கோப்புகளைத் தனியொரு கூடத்தில் சேர்த்தும் வைக்கிறது.

உடல் நோய்க்கும் வழி தேடினர். 1990களில், வட்டு தன் பிழைகளைத் தானே எண்ணிச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ ஏற்பாடு வந்தது. அதனை மட்டும் நம்பலாமோ? 2007இல் கூகிள் நிறுவனத்தார் லட்சத்திற்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு யாதெனில், பழுதுபட்டவற்றுள் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை தலையாய நான்கு அறிகுறிகளில் ஒன்றையேனும் காட்டாமலே வீழ்ந்தன என்பது. அறிகுறி தோன்றினால் அஞ்சுக, தோன்றாமையால் உறங்கற்க.

ஆகவே அறிஞர் எண்ணிக்கைக்கே திரும்பினர். கோப்பின் எழுத்துகளை எல்லாம் கணக்கிட்டுச் சரிபார்ப்பெண் ஒன்றை எழுதி வைப்பது. பின்னொரு நாள் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவது. ஓரெழுத்து மாறினும் எண் வேறுபட்டுக் காட்டிக் கொடுக்கும். 2005இல் சன் நிறுவனம் வெளியிட்ட ‘இசட்.எப்.எஸ்.’ கோப்பு முறைமை இதனை ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் தானே செய்தது.

எனினும், பிழையைக் கண்டறிவது வேறு. இழந்ததை மீட்பது வேறு. மீட்கப் படி வேண்டும். அப்படியும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். 2017 சனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தார் தவறுதலாகத் தரவை அழித்துவிட்டுப் படிகளைத் தேடியபோது, அன்றாடப் படியெடுப்பு நடைபெறாமலே இருந்தது தெரிந்தது. அத்தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்மடல்களும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பவேயில்லை. செல்வமும் அறிவும் மிக்கோர்க்கே இந்நிலை எனின், நம் சிறு சங்கங்களின் நிலை என்ன?

ஆயுத பூசையன்று கணினிக்குப் பொட்டிட்டுச் சூடம் காட்டுவோர் நம்முள் உளர். அப்பொட்டு ஓரெழுத்தையும் காவாது. மாதம் ஒருமுறை சோதனை நிரலை ஓட்டுவதும், சரிபார்ப்பெண்களை ஒப்பிடுவதும், வேறோர் ஊரில் ஒரு படி வைத்து ஆண்டுதோறும் அதனைத் திறந்து படித்துப் பார்ப்பதுமே காவல்.

கோலா சாவாவைச் சூழ்ந்த தோட்டங்களையும், நெகிரி செம்பிலான் முழுவதையும் எண்ணிப் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணம் புகுந்தனர். பால்மரம் சீவியோரின் பெயரைத் தாங்கி நிற்பவை பழைய செக்ரோல் புத்தகங்களும் பள்ளிப் பதிவேடுகளுமே. பிறப்புச் சான்றின்றி அலுவலகப் படியேறிய குடும்பங்கள் ஒரு வரிப் பதிவின் விலையை அறியும். அவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் இளைஞர்களைப் போற்றுகிறோம். ஏற்றியவுடன் வேலை முடிந்ததென எண்ணவேண்டா என்றும் சொல்லுகிறோம். எத்தனை ஏடுகள், எத்தனை பக்கங்கள், எத்தனை பெயர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். பிறகு ஒன்று தொலைந்தாலும், தொலைந்தது எதுவென்று நம் பிள்ளைகள் அறிவார்கள், அறிந்தால் தேடுவார்கள்.